இரண்டாவது துடுப்பு

12.6.2005

வென்றோம்! அனுமந்தைக் குப்பத்துக் கூட்டத்தில் இன்று முழங்கித் தீர்த்தேன். என் தங்கை அம்சவள்ளியின் கணவனை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. துயர்துடைப்பாக அவளுக்கு வந்த கட்டுமரத்தை ஊரார் அவன் தமையனுக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். பெண் கால் பட்டால் மரம் தீட்டாம், மீன் அகன்றுவிடுமாம். "கடல் எவனுக்கும் எழுதிக்கொடுத்த சொத்தன்று!" என்றேன். பெண்கள் கைதட்டினார்கள். மரம் தங்கைக்கே என்று முடிவாயிற்று.

ஊர்த்தலைவர் செல்லப்பன் மட்டும் சிரித்தார். "மேடையில நல்லாத்தாம்மா கத்துற. கடல்ல மைக்கு கெடையாது, பாத்துக்க."

சிரிக்கட்டும்.

3.7.2005

மரம் மணலில் கிடக்கிறது. அதைச் செலுத்த இருவர் வேண்டும். பெண்ணோடு ஏற ஆண் எவனும் வரமாட்டானாம். பெண்களுக்கோ ஊர் விலக்கிவிடும் என்ற அச்சம்.

"மீண்டும் கூட்டம் கூட்டுவோம்" என்றேன். அம்சவள்ளி கருவாட்டைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்: "கூட்டம் போட்டா ஆள் எறங்கிடுமா? நீ எறங்குவியாக்கா?"

சொற்பொழிவுகள் நிறைய இருக்கின்றன என்றேன். என்ன விடை இது? சீ.

12.11.2005

வட நோர்வே. இங்குள்ள தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழாவில் பேசி முடித்தேன். நல்ல கைதட்டல். நாளை திமிங்கிலம் பார்க்கப் போவோம் என்கிறாள் என்னைத் தங்கவைத்திருக்கும் தவராணி, யாழ்ப்பாணத்துக்காரி. கயாக் என்று ஓர் ஒடுங்கிய படகாம், இருவர் அமர்வது. "பயமெண்டா கரையில நில்லுங்கோ அக்கா" என்றாள்.

பயமா? எனக்கா?

13.11.2005

பயந்தேன். என்னிடமே எதற்கு மறைக்க?

நண்பகலே அந்திபோல் இருந்தது. இருபுறமும் பனி மூடிய மலைகள், நடுவே மை நிறத்தில் நீர். வேறு மனித அரவமே இல்லை. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின. என் துடுப்பு அவள் துடுப்பில் மோதிக்கொண்டே இருந்தது. "தனியா வலியாதேங்கோ! என்னோட சேர்ந்து வலியுங்கோ!" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

அப்போது எழுந்தது. முதலில் ஆளுயரக் கரிய முதுகுச்செட்டை. பிறகு பேருந்து காற்றை விடுவதுபோல் ஒரு மூச்சு. முகத்தில் மீன்வாடைத் துளிகள். யானையினும் பெரிய உடல், வெள்ளை வயிற்றைக் காட்டியவாறு எங்கள் அடியில் வழுக்கிச் சென்றது. ஐயோ, செத்தேன்னு நெனச்சேன்!

சாகவில்லை. அது எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. அமர்ந்திருப்பவர் ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. மீன் அகலுமாமே, செல்லப்பனாரே? பெண்கள் இருவர் இறங்கிய கடலில் திமிங்கிலமே பக்கத்தில் வந்தது!

 கரை வரை நானும் துடுப்பு வலித்தேன்.

22.1.2006

மழைக்காலம் முடிந்து கடல் அடங்கிவிட்டது. சேலையை வரிந்து கட்டி அம்சவள்ளியின் மரத்தில் ஏறினேன். கரை முழுதும் ஆட்கள்.

"ஏம்மா, ஊரக் கூட்டிக் கேவலப்படுத்தாத!" என்றார் செல்லப்பன்.

"நான் கூட்டவில்லையே. நீங்களாகவே வந்திருக்கிறீர்கள்!" என்றேன்.

முதல் அலை கவிழ்த்தது. "டேய், அந்தம்மாவுக்கு மைக்கக் குடுங்கடா!" என்று எவனோ கத்த, ஒரே சிரிப்பு. மீண்டும் தள்ளினோம், மீண்டும் கவிழ்ந்தோம். வாயெல்லாம் உப்பு. "எம் மூச்சப் பாத்துத் துடுப்பு போடுக்கா, பேச்ச நிறுத்து!" என்று கத்தினாள் தங்கை. நிறுத்தினேன். அலையைத் தாண்டினோம்.

கிடைத்தது ஒரு குழம்புக்கான கவளை மீன். எல்லாரும் வாங்க மறுத்தார்கள். நாங்களே தின்றோம். நாளையும் போவோம்.

30.1.2006

உள்ளங்கை கொப்புளித்து எழுத முடியவில்லை. போனோம்.

6.3.2006

நேற்று ஆண்டாள் வந்தாள், அவளும் ஆழிப்பேரலையில் கணவனை இழந்தவள். "நாளைக்கு நான் வர்றேன்" என்றாள். மரத்தில் இருவருக்கே இடம். அம்சவள்ளி என்னைப் பார்த்தாள். "கோவிச்சுக்காதக்கா. நீ துடுப்பு போட்டா மரம் சுத்திச்சுத்தி வருது. அவ வரட்டும். ஒன்ன வானூர்ல பேசக் கூப்ட்டாங்கள்ல, நீ அந்தக் கூட்டத்துக்குப் போ."

சினந்தான் எனக்கு. இத்தனை நாள் உழைத்தவளை! ஆயினும் இன்று விடியலில் போய் மரத்துக்குத் தோள் கொடுத்தேன். ஈரமணலில் மரம் அசைய மறுத்தது. பக்கத்தில் இன்னொரு தோள் வந்து இடித்தது. திரும்பினால், செல்லப்பனின் மருமகள்.

"கொஞ்சம் நகருங்கக்கா," என்றாள். "தள்ள எடம் பத்தல."