மருமகள் வாசித்த உயில்

டெக்சாஸ் முழுக்கப் பனி கொட்டி, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷம். பங்குனி மாசம், ஞாயிற்றுக்கிழமை.

மருமகள் சாரா இந்த ஊர் வெள்ளைக்காரப் பெண். பிள்ளைகளுக்காக இரண்டு பக்கத்துக் குடும்பக் கதையையும் எழுதுகிறாள். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் விவசாயி. அந்தக் காலத்து அமெரிக்க உள்நாட்டுச் சண்டையில், அடிமைகளை விடக்கூடாது என்ற பக்கம் சேர்ந்து போனவர். போகுமுன் அவர் எழுதிய உயிலை இன்று சாப்பிடும்போது வாசித்தாள். மகன் தமிழில் சொன்னான்.

"பசு ஆறும், டினாங்கற பொம்பளையும் மூத்தவனுக்கு. குதிரை ரெண்டும், டினாவோட பையனும் இளையவனுக்கு."

சாரா அழுதுவிட்டாள். "மாமா, உங்க ஃபேமிலியில?"

மகன் முந்திக்கொண்டான். "நாங்க வெறும் விவசாயிங்க. எங்க சைடு க்ளீன். இல்லப்பா?"

நானும் தலையாட்டிவிட்டேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அப்புறம்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்த அன்று எனக்குப் பத்து வயசு. பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்குத் தின்றேன். உழவு மாடு நாலும் பண்ணையாள் ராமனும் சித்தப்பாவுக்கு. கறவை மாடும் ராமன் பொண்டாட்டி பிள்ளையும் எங்களுக்கு. சித்தப்பா தோட்டம் மூன்று ஊர் தள்ளி. ராமன் கைகட்டி நின்றான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கும் அது தப்பாகவே தெரியவில்லையே, இத்தனை வருஷமாக!

விடிந்ததும் 'எங்க சைடு க்ளீன்' என்ற அந்த வரியை அடித்துவிடும்படி சாராவிடம் சொல்லவேண்டும். அப்பா போய்விட்டார், சித்தப்பாவும் ராமனும் போய்விட்டார்கள், இனி யாருக்குத் தெரியும் என்றுதான் தலையாட்டினேனோ என்னவோ. ஆனால் மாட்டுக்குப் பின்னால் அப்பன் நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ராமன் மகன் சின்னான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான்.