மாதிரி நாற்காலியும் மைக் செட்டும்

என்னங்க,

பொண்ணு கல்யாணத்துக்கு வாடகை நாற்காலி தர்றவர் காலைல மாதிரிக்கு ஒண்ணு கொண்டு வருவார். சும்மா தட்டிப் பார்த்துட்டுத் தலையாட்டிடாதீங்க. வயிறு நிறைய சாப்பிட்டுட்டுப் பொத்துனு உட்காருங்க. உங்களைத் தாங்கிட்டா சம்பந்தி வீட்டையே தாங்கும்.

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். ராத்திரி கோவிச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்தது போதும்.

வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட கொடுங்க.

ராத்திரி மைக் செட் வேண்டாம்னு நான் மல்லுக்கு நின்னது, அதை வாடகைக்கு விடற உங்க நண்பரைப் பிடிக்காம இல்ல. மைக் கிடைச்சா நீங்க பாடுவீங்களேன்னு பயந்துதான்.

(பின்பக்கம் பாருங்க)

பொண்ணுகிட்ட இதைச் சொன்னேன். "அப்பா பாடாம எனக்கென்னம்மா கல்யாணம்?"ங்கறா. அதனால மைக் செட்டுக்கு உங்க நண்பரையே வரச் சொல்லிட்டேன். ஒரே ஒரு பாட்டுதான். அழாம பாடுங்க. அழுகையை நான் பார்த்துக்கறேன்.