நான் தீட்டிய உம்முடைய பிட்டு

ஓய்,

நம் பெயர்ப்பலகைக் கடை முழுக்க அக்ரிலிக் கருகிய நாற்றம். "சூட்டக் கெளப்பாதேயும்வே" என்று என் தோளில் தட்டுவீர். இன்று தட்ட ஆள் இல்லை. துளை போடுகையில் இரண்டு ஷீட் விரிசல் விட்டுக் குப்பைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

நாளை உமக்கு வருஷத் திதி. உம் படத்தைத் தேக்குப் பலகையில் வைத்து, மேலே கண்ணாடிபோல் அக்ரிலிக்கால் மூடி, நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டுத் தருகிறேன் என்று சீத்தா கேம்பில் உம் வீடு வரை வந்து உம் வீட்டுக்காரியிடம் வாக்குக் கொடுத்தேன். "வெளிய குடுக்காத தங்கச்சி. என் கை இருக்கையில அடுத்தவன் ஓட்ட போடுறதா?" பலகை சாது, நாலு துளையும் பூப்போல விழுந்தன. அக்ரிலிக்தான் இரண்டு தடவையும் கடைசி நூலளவில் படாரென்று விரிந்தது.

எப்பேர்ப்பட்ட கை இது. செம்பூர் டாக்டர் தமக்கு நாம் செய்துகொடுத்த பெயர்ப்பலகையின் துளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷனுக்கு என்னைக் கூப்பிட்டாரே. சரி, கூப்பிடவில்லை, "அச்சா ஹை", நன்றாயிருக்கிறது என்றார். பார்த்த பார்வை அதுதான்.

உம் டிரில்லின் மழுங்கின பிட்டை அந்த டாக்டர் முன்னாலேயே கேலி செய்தேன். "புது பிட்டு வாங்க மனசு வராது இவருக்கு." நீர் சிரித்தீர். "இருக்கட்டும்வே, வேல நடக்குதுல்லா." நீர் போனபின் அது டப்பாவில் கிடந்தது. உம் படத்துக்காக நேற்று அதைச் சாணைக்குக் கொடுத்து, முகம் பார்க்கும்படி தீட்டி வாங்கினேன். மரியாதை என்று நினைத்தேன்.

மத்தியானம் உம் வீட்டுக்காரி போன் செய்தாள். "அண்ணாச்சி, அந்தப் பழைய பிட்டுலயே போடுங்க. புதுசுலயே கல்லுல தேச்சு அவியதான் அத மொட்டையாக்கி வச்சாவ. கூரா இருந்தா அக்ரிலிக்கக் கடிச்சிரும், சொரண்டித்தான் எறக்கணும்னு சொல்லுவாவ. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாமலா தங்கச்சி. ஒன் வாயால கேக்கணும்னு இருந்தேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் சோறு தின்னும்போது அவளிடம் சொல்ல உமக்குத் தெரிந்தது. இருபது வருஷம் ஒரே மேஜையில் நின்றவனிடம் சொன்னால் என்ன? நான் உம்மைப் பேச விட்டேனா என்று நீர் கேட்பீர். அதை இப்போது எடுக்க வேண்டாம்.

பிட்டைக் கல்லில் தேய்த்து மறுபடி மொட்டையாக்கினேன். கடைசி ஷீட். அடியில் கழிவுப் பலகை கொடுத்து மெதுவாக இறக்கினேன். கடித்துத் துள்ளவில்லை, வெள்ளைச் சுருளாகச் சுரண்டிக்கொண்டு இறங்கியது. நாலாவது துளையில், கடைசி நூலில், என் தோள் தானாக நின்று உம் தட்டலுக்குக் காத்திருந்தது. தட்டல் விழவில்லை. கையை நானே தளர்த்தினேன். துளை சுத்தமாக விழுந்தது.

நாளை படத்தைப் பார்த்து யார் கைவேலை என்று கேட்பார்கள். என் கைதான் என்று சொல்லத்தான் போகிறேன். இந்த வயதில் வேறு பேச்சு வராது. மொட்டைப் பிட்டு சட்டைப் பையில் இருக்கும். நீர் அக்ரிலிக்குக்குப் பின்னாலிருந்து பழையபடி சிரித்துக்கொண்டு சும்மா இருப்பீர்.

அதுதான் ஓய் எரிச்சலாக வருகிறது.