இறங்கத் தோதான துறைமுகம்

ராஜபாளையம்,
12.06.2025

முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா தின்று கொழுத்துக்கொண்டிருக்கும் ஜெயபாய்க்கு, ஐயாதுரை எழுதுவது.

நான் சுகம். நீயும் உன் கோபமும் சுகமாக இருப்பதாகச் சகலை சொன்னார். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் ஒரு கேலி பேசியதும் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதனால் எழுதி, பஸ் ஓட்டுகிற சகலை மைக்கேல் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். அஞ்சாங் கிளாஸ் படிப்பு. பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டிக்கொள்.

நம் மகள் தான் வேலை பார்க்கிற கப்பலிலேயே நமக்கு ஐந்து நாள் பயணம் ஏற்பாடு பண்ணியிருக்கிறாள், சந்தோஷம். சென்னையில் ஏறி, இலங்கையில் மூன்று துறைமுகம் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்புவதாம். வருகிறேனா இல்லையா என்று கேட்டு விட்டிருந்தாய். போகிற இடம் லாயக்குதானா என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது? விக்னேஸ்வரன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து மூன்றையும் விசாரித்துவிட்டேன்.

முதலில் அம்பாந்தோட்டை. அங்கே இறங்கினால் யானை பார்க்கலாமாம். ஏட்டி, செண்பகத்தோப்பில் யானை இறங்கினால் தோப்புக்காரர்கள் வேட்டுப் போட்டு விரட்டுகிறார்கள். இங்கே விரட்டுகிற யானையைக் கடல் தாண்டிப் போய் விருந்தாளியாகப் பார்க்க வேண்டுமா? அடுத்தது திருகோணமலை. அங்கே வெந்நீர்க் கிணறு இருக்கிறதாம். ஆலங்குளத்தில் உன் பெரியம்மா வீட்டில் மே மாசம் குழாயைத் திறந்தால் என்ன வருகிறது, பன்னீரா? கடைசி காங்கேசன்துறை. அங்கே என்ன விசேஷம் என்று விக்னேஸ்வரன் தேடு தேடு என்று தேடி ஒரு படம் காட்டினான். பழைய சிமெண்ட் ஆலை! அதற்கும் நம் ஆலங்குளத்துச் சிமெண்ட் ஆலையே போதும். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

இதில் திருகோணமலையில் கப்பல் கரைக்கே போகாதாம். கடலில் நின்றுகொண்டு, 'டெண்டர்' மூலமாகத்தான் இறக்கிவிடுவார்களாம். ரோடு போட டெண்டர் எடுப்பார்கள், தெரியும். கரையில் கால் வைப்பதற்குமா?

ஆகையால் அந்த மூன்று ஊருக்காக அம்புட்டுத் தூரம் மிதக்க வேண்டியதில்லை. கோபத்தை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வா. நான் வைக்கிற ரசத்தை நானே சந்தேகப்படுகிறேன்.

தானே பொங்கித் தானே தின்னும்,
ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.06.2025

வின்சி அப்பாவுக்கு ஜெயபாய் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் ஏசம்மாள் அக்கா வீட்டில் எல்லாரும் சுகம்.

உங்கள் கடிதத்தை அக்கா சத்தம் போட்டு வாசித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் யானைக் கதை எழுதுகிறீர்கள். டெண்டர் என்றால் கரைக்குக் கூட்டிப்போகிற சின்னப் படகு. வின்சியிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். அவளோடு பேசித்தான் ஆறு மாசம் ஆயிற்றே.

யானை காட்டவா அந்தப் பிள்ளை கூப்பிடுகிறது? கப்பலுக்குள்ளே அவள் பயணிகளோடு உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்கக் கூடாது. பெத்தவர்கள் என்றாலும் சட்டம் அதுதான். கரையில் இறங்கினால்தான் சேர்ந்து உட்காரலாம். அதுவும் திருகோணமலையில் மட்டும்தான் அவளுக்கு லீவு, செத்த நேரம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். நாம் போனால்தான் பார்க்கலாம். பாஸ்போர்ட்டும் அவளே எடுத்துக் கொடுத்து வைத்திருக்கிறாள். வேறென்ன வேண்டும் உங்களுக்கு, ஆரத்தியா?

மாசக் கடைசிக்குள் பேர் கொடுக்க வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜெயபாய்


ராஜபாளையம்,
15.06.2025

வாத்தியாரம்மா ஜெயபாய்க்கு,

'வேறு எதுவும் எழுத வேண்டாம்' என்கிறாய். உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னால்கூடச் சாப்பிட்டுவிடுவேன், இது என்னால் ஆகாது.

விஷயத்தை முதலிலேயே இப்படி உடைத்துச் சொல்லியிருந்தால் நான் யானைக்குப் பின்னால் அலைந்திருப்பேனா? ஆக, பிள்ளையோடு கரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதானே. யோசித்துப் பார், கப்பல் கிளம்புகிறதும் திரும்ப வந்து நிற்கிறதும் எங்கே? சென்னையில். சென்னை என்ன, துறைமுகம் இல்லையா? ராத்திரி பஸ் ஏறிக் காலையில் வாசலில் போய் நிற்போம். அவள் இறங்கி வரட்டும். மூன்று பேரும் நல்ல ஓட்டலில் பிரியாணி சாப்பிடுவோம். உனக்குத் தலைசுற்றல் கிடையாது, எனக்கு டெண்டர் கிடையாது. நான் கண்டுபிடித்ததிலேயே தோதான துறைமுகம் இதுதான்.

வரும்போது அந்த மாம்பழக் கலர் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வரச் சொல். கடலைப் பார்க்க நின்று போட்டோ எடுத்துச் சபையில் நாலு பேருக்குக் காட்டலாம்.

எப்படி என் மூளை? மைக்கேல் சகலையே 'அட!' என்று சொல்லிவிட்டார்.

உன்,
ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
17.06.2025

வின்சி அப்பாவுக்கு,

உங்கள் மூளையை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள். சென்னையில் கப்பல் நிற்கிற நாள்தான் அவளுக்குத் தலை சொறியக்கூட நேரம் இல்லாத நாள். காலையில் இருக்கிற கூட்டம் முழுதும் இறங்கும், சாயங்காலம் புதுக் கூட்டம் ஏறும். அதற்குள் அவள் பங்குக்கு உள்ள அம்புட்டு ரூமையும் கழுவித் துடைத்து விரிப்பு மாற்றி முடிக்க வேண்டும். வாசலில் நின்றால் உங்களுக்கு வாட்ச்மேன்தான் பிரியாணிக்கு வருவார்.

போகட்டும், அது உங்களுக்குத் தெரியாது. ஆனால் சுடிதார் போடச் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரையில் பார்த்தால் உங்களுக்கு மகள். உள்ளே பார்த்தால் கக்கூஸ் கழுவுகிறவள். அதற்காகத்தான் ஒரு வாரமாக ஒவ்வொரு துறைமுகமாகத் தள்ளிவிட்டுக்கொண்டே வருகிறீர்கள்.

போன கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் போதகர் ஐயர் கேட்டார், "பிள்ளைக்குக் கப்பல்ல என்ன வேலை, ஐயாதுரை?" நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கீப்பிங் ஆபீசருங்கய்யா! கேப்டனுக்கு ரெண்டு ஆள் கீழ" என்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் வின்சி நின்றாள். வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஹவுஸ்கீப்பிங்குல ஹவுஸை எங்கப்பா விட்டீங்க?" அதையும் சிரித்தே சமாளித்தீர்கள். அவள் மறுநாள் பெட்டியைக் கட்டினாள். மறு வாரம் நான் கட்டினேன்.

அவள் நம்மைத் துறைமுகம் பார்க்கக் கூப்பிடவில்லை. தான் விரித்த கட்டிலில் அப்பாவும் அம்மாவும் படுத்து எழுந்திருக்க வேண்டும், தான் பார்க்கிற வேலையை அப்பா ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. என்னிடம் போனில் வாய்விட்டே சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். வருவீர்களா?

ஜெயபாய்


ராஜபாளையம்,
24.06.2025

ஜெயாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாயிற்று. எழுதி எழுதிக் கிழித்தேன். சகலை தினமும் பஸ்ஸை நிறுத்தி, "என்ன, இன்னைக்குமா தபால் இல்ல?" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்.

கப்பல் போகிற வாரம் மில்லுக்கு நூல் லோடு நிறைய இருக்கிறது. நம் லோடு வண்டி நின்றால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடல் காற்றும் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

சரி, அதெல்லாம் சாக்கு. நான் அந்த ரூமில் உட்கார்ந்திருக்கும்போது அவள் கதவைத் தட்டி, "சார், கிளீன் பண்ணலாமா" என்று கேட்டால் நான் எங்கே பார்ப்பேன், ஜெயா? என்ன கேலி பேசுவேன்?

நீ போய்விட்டு வா. எந்தத் துறைமுகம் நன்றாக இருந்தது என்று எழுது. அடுத்த தடவை பார்ப்போம்.

ஐயாதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.07.2025

வின்சி அப்பாவுக்கு,

நேற்றுத் திரும்பி வந்தேன். தரையில் நின்றாலும் இன்னும் ஆடுகிற மாதிரியே இருக்கிறது.

எந்தத் துறைமுகம் நன்றாக இருந்தது என்று கேட்டீர்கள். அம்பாந்தோட்டையில் நான் இறங்கவில்லை. காங்கேசன்துறையிலும் இறங்கவில்லை. திருகோணமலையில் வின்சியோடு இறங்கினேன். கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம், ஆளுக்கொரு இளநீர் வாங்கினாள். பாதி குடிப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். படகுக்கு நேரமாகிறவரை நான் அசையவில்லை. கையில் இருந்த இளநீரைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதனால் திருகோணமலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கடைசி நேரத்திலாவது வந்து நிற்பீர்கள் என்று உங்கள் பேரையும் சேர்த்தே கொடுத்திருந்தேன். நான் ஒரு கிறுக்கி. கப்பலில் ஏறுகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ரூமில் இரண்டு கட்டில். தினமும் காலையில் வின்சி கதவைத் தட்டி, "மேடம், கிளீன் பண்ணலாமா?" என்பாள். நான், "வாங்க மேடம்" என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். நீங்கள் எங்கே பார்ப்பது என்று கேட்டீர்களே, அவள் முகத்தைப் பார்த்தால் போதும். வேறொன்றும் கஷ்டம் இல்லை.

முதலில் என் கட்டிலை விரிப்பாள். பிறகு உங்கள் கட்டிலுக்குப் போவாள். யாரும் படுக்காத கட்டில், ஒரு சுருக்கம் கிடையாது. அதன் விரிப்பையும் உருவிப் போட்டுவிட்டுப் புதுசு விரிப்பாள். இரண்டாம் நாளும் அப்படித்தான், மூன்றாம் நாளும் அப்படித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அதுல ஆளே படுக்கலியே! உனக்கு இருக்கிற வேலை பத்தலியா?" என்று கேட்டேன்.

"இந்த ரூமுக்கு ரெண்டு பேர்னு போட்டிருக்கும்மா. நான் என் வேலையப் பாக்கேன்" என்றாள்.

நாலு மூலையையும் இழுத்துச் செருகினாள். தலையணையைத் தட்டி வைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த ரூமுக்குப் போய்விட்டாள்.

என் தையல் மெஷினை யாருடைய லோடு வண்டியிலாவது ஏற்றி இங்கே அனுப்பிவையுங்கள். நீங்கள் கொண்டு வர வேண்டாம்.

ஜெயபாய்