தூளைச் சுற்றி வந்த பேப்பர்

இன்று உன் தங்கை அனுப்பிய தூள் வந்தது. பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் ஷார்ஜா ஃபிளாட் முழுக்க வறுத்த மிளகாயும் மல்லியும் மணத்து, என் மனைவி ஜன்னலைத் திறக்க ஓடினாள். நான் தூளை ஓரமாக வைத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த பேப்பரைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பழக்கம் யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியும்.

இதே ஷார்ஜாவில், ரோலா பக்கம் நாம் இருந்த ரூம் ஞாபகமிருக்கிறதா? நான் மன்னார்குடிக்காரன், ஏசி மெக்கானிக். நீ யாழ்ப்பாணத்துக்காரன், கார்கோ கடையில் டியூட்டி. அதற்கு முன்பு ஊரில் ஒரு பேப்பரில் உதவி ஆசிரியர். அலுவலகத்துக்குள் யாரோ புகுந்து சுட்ட பிறகு, தங்கை அழுது அழுதே உன்னை விமானம் ஏற்றிவிட்டாள். உன்னோடு வேலை பார்த்தவர்கள் அங்கேயே இருந்து, பேப்பரை நிறுத்தாமல் கொண்டுவந்தார்கள். தான் மட்டும் தப்பி வந்துவிட்டோமே என்ற குமைச்சல் உனக்குக் கடைசிவரை தீரவில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தூள் வரும், தூளைச் சுற்றி உன் பேப்பர் வரும். கசங்கிய தாளுக்கு இஸ்திரி போடுவாய். என் சட்டைக்கு ஒருநாளும் போட்டதில்லை. தணிக்கையில் வெட்டுப்பட்ட செய்திகளின் இடத்தை உன் ஆட்கள் நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டிருப்பார்கள். "இந்த வெள்ளையைத்தான் மச்சான் நான் முதல் வாசிக்கிறனான்" என்று சொல்லி முடிப்பதற்குள் மிளகாய் நெடி ஏறித் தும்முவாய். "ஒரு மாசப் பழசுடா, இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?" என்றால், "வாசிக்காத பேப்பர் பழசாகாது" என்று பதில் வரும்.

ஒருமுறை தூள் மட்டும் வந்தது. சுற்றிலும் பேப்பர் இல்லை, வெறும் பிளாஸ்டிக் பை. மூடிவிட்டார்களோ, ஆட்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நீ சோற்றைத் தொடவில்லை. போனில் பேப்பரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்பது நீயே போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். மழை, கிணறு, மாமி என்று சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்டாய்: "தூளை ஏன் பிள்ளை சொப்பிங் பையில கட்டினனீ?"

"வேற என்ன செய்ய அண்ணா? தாளுக்குத் தட்டுப்பாடு, பேப்பர் கொஞ்சம்தான் அடிக்கினம். எங்கட ஒழுங்கையில இருக்கிற சனம் முழுக்க ஒண்டைத்தான் மாறி மாறி வாசிக்குது. என்ர கைக்கு வரேக்குள்ள அது கிழிஞ்சு போச்சு."

போனை வைத்ததும், அவள் உன் சட்டத்தை மீறியதைக்கூடக் கவனிக்காமல், "வாசிக்கினமடா மச்சான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாய். அன்றைக்கு நீ வைத்த கோழிக்கறியில் கொட்டிய தூளுக்கு, ரூம் மொத்தமும் தண்ணீர்க் கேனைச் சுற்றியே நின்றது.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் ஆகிறது. சொல்லாமல் போனதற்கு உன்மேல் இன்னும் கோபம்தான் எனக்கு. தங்கை இப்போது தூளை என் பெயருக்கு அனுப்புகிறாள்.

"பழைய பேப்பர்ல அப்படி என்னங்க இருக்கு?" என்கிறாள் என் மனைவி. உன் பதிலையே அவளுக்குச் சொன்னேன். பக்கங்கள் கூடியிருக்கின்றன, மச்சான். வெள்ளை இடம் எங்காவது இருக்கிறதா என்று ஓரம் ஓரமாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. தும்மலை மட்டும் உனக்குப் பதிலாக நான் தும்மினேன்.