காவலனுக்கு வைத்த வெள்ளி

மார்ச் 12

இன்ஸ்பெக்டர் போஜில் இன்று புதையலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஊறுகாய் ஜாடியில். பிடிபட்டபோதே அதில்தான் இருந்ததாம். நூற்று நாற்பத்தொரு வெள்ளிக் காசுகள்; தாசோஸ் என்ற கிரேக்கத் தீவின் நாணயத்தைப் பார்த்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து ஆட்கள் அடித்துக்கொண்டவை. எல்லாம் புது ஸ்பூன் போல மின்னுகின்றன. வினிகர். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் மண்தான் சாட்சி. யார் கேட்கிறார்கள்?

தோண்டியவன் கிரெமென். பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சு. என் கணக்கைப் பார்த்து எழுதியவன்.

மார்ச் 13

கிரெமெனின் வாக்குமூலம்: தாத்தா சேர்த்து வைத்தது. இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் அப்படி ஒரு தாத்தா.

மார்ச் 20

அரசு வழக்கறிஞர் அழைத்தார். காசுகள் கிரெமென் மேட்டில் தோண்டிய குழியிலிருந்துதான் வந்தன என்று ஜூன் 6 விசாரணைக்குள் நான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோடை முடிவதற்குள் ஏதாவது வெளிநாட்டு ஏலத்தில் ஒவ்வொன்றாகச் சிதறிப்போகும்.

குழியிலிருந்து மண் எடுத்துத் தரச் சொன்னேன். போஜில் தொண்டையைச் செருமினார். "குழியை மூடிட்டோம் டாக்டர். மாடு விழுந்துடும்னு மேயர் சொன்னாரு. புல்டோசர் வெச்சு..."

சரி. மாடாவது பிழைத்தது.

ஏப்ரல் 2

லென்ஸின் கீழ் இரண்டு வாரம். முப்பத்தேழு காசுகள் ஒரே அச்சில் அடித்தவை. அச்சில் விரிசல்: காசில் நிற்கும் வீரன் ஹெரக்ளிஸின் முழங்காலிலிருந்து கதாயுதம் வரை ஒரு கோடு. ஆக, ஒன்றாகவே இருந்தவை. வழக்கறிஞர் கேட்கிறார்: "தாத்தா மொத்தமா வாங்கியிருக்கலாமில்லையா?"

வாங்கியிருக்கலாம். அதுதான் எரிச்சல்.

ஏப்ரல் 11

ரொட்டிக்கடை வரிசையில் கிரெமென். ஜாமீனில் ஆள் சற்றுப் பெருத்திருக்கிறான்.

"என்ன ரதா, எங்க தாத்தா காசை நல்லாப் பாத்துக்கிறியா?"

வினிகர் நாற்றம் இன்னும் போகவில்லை என்றேன். சிரித்தான்.

"நீ படிச்சவ, நம்பமாட்டே. குடுக்க வேண்டியவருக்குக் குடுத்தாச்சு. இந்தக் கேஸ் நிக்காது பாரு."

பாலாடைக்கட்டி வைத்த இரண்டு பனிட்சாவை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நீதிபதிக்கோ என்று ஒரு கணம் பதறினேன். இல்லை. இவ்வளவு கஞ்சன் நீதிபதிக்கெல்லாம் கொடுக்கமாட்டான்.

ஏப்ரல் 12

குழியை மூடுமுன் போஜில் எடுத்த படங்களை மறுபடி பார்த்தேன். மூலையில், குப்பை என்று நான் தள்ளிவிட்டது — ஒரு கறுப்புச் சேவலின் தலை. சிவப்பு நூல் கட்டி.

புதையலுக்கு ஒரு காவலன் உண்டு என்பது இங்கே தோண்டுகிறவர்களின் நம்பிக்கை. சேவல் அறுப்பார்கள், முதலில் கைக்கு வருவதை அந்தத் தலைக்குக் கீழே அவனுக்கென்றே திரும்பப் புதைப்பார்கள். எனக்குத் தெரியாததா? "ஆய்வுக்கு உதவாத மூடப்பழக்கம்" என்று நானே அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். என்ன திமிர்.

மே 15

தோண்ட அனுமதி வந்தது. ஐந்து வாரம். முத்திரை கோணல் என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். கோணல் முத்திரை! கிரெமெனுக்கு எந்த முத்திரை தேவைப்பட்டது?

மே 23

மூன்றாம் நாள். வெயில். இரண்டு சாட்சிகள், ஒரு சல்லடை, போஜிலின் கிண்டல்: "ஒரு கோழித் தலைக்கா டாக்டர் இத்தனை பேரு?"

மதியத்துக்கு முன் இறகு தெரிந்தது. புல்டோசர் மேலே மண்ணைத் தள்ளியதோடு சரி, மூலை அப்படியே இருந்தது. மண்டையோட்டுக்குக் கீழே ஒரு காசு. கறுத்து, மண் அப்பி. முழங்கால் இருக்குமிடத்தை மட்டும் தூரிகையால் தட்டினேன்.

அதே விரிசல்.

போஜில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, சாட்சிகளுக்குக் கேட்காமல்: "பதிலுக்கு ஏதாவது வெச்சுட்டுப் போகலாமே."

அரசு ஊழியர் பேசும் பேச்சா இது என்றேன்.

ஜூன் 6

கிரெமெனின் வக்கீல் நன்றாகத்தான் பேசினார். அந்த ஒற்றைக் காசை அருங்காட்சியகமே கொண்டுபோய் வைத்திருக்கலாம் என்றார். நீதிபதி காசின் படத்தை கிரெமெனிடம் காட்டச் சொன்னார். அவன் படத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. நீதிபதியிடம் பேசவில்லை, என்னிடம் திரும்பினான்.

"எடுத்துட்டியா? அவருக்குன்னு நான் வெச்சதை எடுத்துட்டியா ரதா?"

எழுத்தர் அதை அப்படியே தட்டச்சு செய்தார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெயித்தது நான்தான். ஆனால் அவன் பயந்தது சிறைக்கு அல்ல, எனக்காக. இதை எந்த அடிக்குறிப்பில் போடுவது?

ஜூன் 28

காசுகள் அருங்காட்சியகத்துக்கே என்று தீர்ப்பு. நூற்று நாற்பத்தொன்றும் தட்டுகளில் அசட்டுத்தனமாக மின்னுகின்றன. சேவல் தலைக்குக் கீழே கிடைத்ததைத் தனிப் பெட்டியில், மண்ணோடு வைத்தேன். அதை யாரும் கழுவக்கூடாது.

குழியை முறையாக மூட போஜிலுடன் போயிருந்தேன். மேற்பார்வைக்கு. மூலையைச் சரிபார்க்க நான் மட்டும் இறங்கினேன்.

திரும்பும் வழியில் காபி இயந்திரத்தில் போட என்னிடம் காசு இல்லை. காலையில் ஒரு லெவ் நாணயம் இருந்தது. போஜில் தன்னுடையதைப் போட்டார். என் விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துச் சிரித்தார்.