குட்டைத் தென்னை

பம்பாய், ஆடி மாதம், 1974

அன்புள்ள சந்திராவுக்கு,

நீயும் அம்மாவும் குழந்தை பத்மாவும் நலந்தானே? இருமலுக்காக மில் டாக்டர் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை. "பஞ்சுத் தூசுப்பா, படுத்துகினு இருந்தா சரியாப்பூடும்" என்கிறான் அறையில் கூட இருக்கும் சிங்காரம்.

கிணற்றடியில் நெட்டைத் தென்னை வை, நான் ஏறிப் பறித்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது வேண்டாம், காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் குட்டைக் கன்றாக, கழுத்துப் பருத்ததாகப் பார்த்து வாங்கு. குழியில் உப்புப் போடு. தறிப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி மீந்தால் அதற்கே ஊற்று. புது ஓலை விரிந்தால் உடனே எழுது, சும்மாவும் எழுது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. குட்டை மரத்தில் நீயே நின்றபடி பறித்துக்கொள்ளலாம், சந்திரா.

உன்
மணவாளன்